ஒரு நூல் சாய்வு

கரிமூட்டத்தைப் பதினோராம் நாள் பிரித்தால் முகத்தில் அனல் அடிக்கும், உள்ளே ஒளிந்திருந்த கங்கு காற்றுப் பட்டுக் கண் விழிக்கும், பிரிக்கிறவர்கள் காலில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள், இதெல்லாம் வெட்டுக்காட்டேந்தலில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்தச் சித்திரை மாதத்துப் புதன்கிழமை காலையில் இருளாயி அடுக்கிய மூட்டத்தைப் பிரித்தபோது உள்ளேயிருந்து குளிர் அடித்தது, பிரித்தவர்களின் மீசையில் பனி பூத்தது, நட்டநடுவில் மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு கரி வளையம் தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு இருளாயியின் நாத்தனார் கோட்டையம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இந்தக் கூத்துல நல்ல நடுக்கரி நாலு மூடை கொறஞ்சு போச்சே."

எங்கள் ஊரில் முப்பத்தேழு வீடு. சுற்றிலும் சீமைக்கருவேலங்காடு, அதைத் தாண்டினால் உப்புக்காற்று. ஆண்கள் வெட்டுவார்கள், பெண்கள் அடுக்குவார்கள், அடுக்கிய விறகின் மேல் வைக்கோலும் தழையும் போட்டு ஈரமண்ணைக் குழைத்துப் பூசினால் அது மூட்டம். உச்சியில் விட்ட வாய் வழியாக ஒரு கங்கைப் போட்டு அந்த வாயையும் அடைத்துவிட்டால், நெருப்பு மூச்சு முட்டி முட்டி உள்ளேயே நடந்து விறகைக் கரியாக்கும். அடுக்கியவள் எவளோ அவள் கையால்தான் கங்கு போட வேண்டும், வேறொருத்தி போட்டால் மூட்டம் சரிந்து உள்வாங்கிவிடும் என்பது எங்கள் வழக்கம். இருளாயி இருபது வருடமாக அடுக்கி, இருபது வருடமாகக் கங்கு போட்டவள். அவள் அடுக்கில் ஒரு கோணல் உண்டு. ஒரு வரிசைக்கு மேல் அடுத்த வரிசையை வைக்கும்போது நேருக்கு நேர் வைக்காமல் ஒரு நூல் திருப்பி வைப்பாள், கொத்தனார்கள் அளக்கிறார்களே அந்த ஒரு நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதற்காக அவளை நாங்கள் செய்யாத கேலி இல்லை. "எனக்கு எப்பவும் கை அப்பிடித்தான் போகும்" என்பாள், அத்தோடு சரி.

அவள் புருஷன் பூவலிங்கம் எங்கள் எல்லாரையும்விடப் புகை படிக்கத் தெரிந்தவர். மூட்டத்தின் புகை வெள்ளையா, மஞ்சளா, நீலமா என்று தூரத்திலிருந்தே பார்த்து, நெருப்பு எந்த விறகில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் புகையே அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஐப்பசியிலிருந்து அவர் கட்டிலோடு கிடந்தார், கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அது டப்பென்று தட்டிப் புஸ்ஸென்று விட்டு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்கில் கொடுத்தது. கரண்டு இருந்தால்தான் கொடுக்கும். எங்கள் பக்கத்துக் கரண்டைப் பற்றி என்ன சொல்ல, நாய் தும்மினால் போய்விடும். ஆகவே இருளாயி வாசலில் ஒரு பல்பை மாட்டி அதைப் பகலிலும் எரிய விட்டிருந்தாள், மூட்டக்காட்டில் மண் குழைத்துக்கொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து அந்தப் பல்பைப் பார்ப்பாள், அது அணைந்தால் கையில் மண்ணோடு வீட்டுக்கு ஓடுவாள். பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது, எங்கள் கண் முன்னாலேயே தின்றது.

வளையத்தை நகர்த்திப் பார்த்தோம், நகரவில்லை. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் கொஞ்சம் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. சரி, நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம். அன்று மத்தியானமே அதைச் சுற்றித் தண்ணீர்க் குடங்கள் வந்துவிட்டன, மறுநாள் மோர்ப்பானை வந்தது, மூன்றாம் நாள் மீன் கூடை வந்தது, காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கி வந்து பக்கத்தில் படுக்க வைத்தார்கள், வேர்க்குரு வந்தவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், பூவலிங்கத்தின் அக்கா கோட்டையம்மா தன் மூட்டுவலிக் காலைத் தினமும் அரைமணி நேரம் அதன் அடியில் நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசினாள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தால் ஆளுக்கொரு டம்ளர் ஜில்லென்று கொடுத்து, என்னமோ எங்கள் முப்பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் குடிக்கிறோம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டோம்.

வயர்மேன் தங்கமாரிதான் அதற்குக் கரண்டு காட்டியவன். தண்ணீர் குடிக்க வந்தவன் கை சும்மா இருக்காமல் டார்ச் பேட்டரியின் இரண்டு வயரையும் ஒரு நொடி வளையத்தில் தொட்டு எடுத்தான், அவ்வளவுதான், வளையம் முனக ஆரம்பித்துவிட்டது. மறுநாள் வந்து பார்த்தான், அதே முனகல். பத்து நாள் கழித்துப் பார்த்தான், ஒரு இம்மி குறையவில்லை. ஒரு சின்ன பல்பைத் தொட வைத்தான், எரிந்தது, எரிந்த அளவுக்கு முனகல் இறங்கியது.

"யக்கா, இது எடுத்தாத்தான் கொறையும்" என்றான் இருளாயியிடம். "எடுக்காம விட்டா உலகம் அழியிற வரைக்கும் உள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

இருளாயி வேறெதுவும் கேட்கவில்லை. "அப்ப அவுக பெட்டிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வளையத்துக்கு ஒரு வயர் இழுப்பது, கரண்டு இருக்கும்போது ஒவ்வொரு வீடும் தினம் அரைமணி நேரம் ஃபேனை நிறுத்திவிட்டு அந்தக் கரண்டை வளையத்துக்குக் கொடுப்பது, கரண்டு போனால் வளையத்திலிருந்து பூவலிங்கத்தின் பெட்டிக்கு மட்டும் எடுப்பது, வேறு யாரும் எதற்கும் தொடக்கூடாது என்று முடிவானது. தங்கமாரி பேட்டரிக் கடையிலிருந்து கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டிகள் இரண்டை வாங்கி வந்து இடையில் மாட்டினான். அந்த வேகாத வெயிலில் முப்பத்தேழு வீட்டு ஃபேன்களும் முறை போட்டு நின்றன, விசிறிக்கொண்டே கொடுத்தோம், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தோம், ஆனாலும் கொடுத்தோம். வளையத்தின் முனகல் நாளுக்கு நாள் தடித்தது, அரிவாளோடு பக்கத்தில் போனால் காந்தம்போல் அதைக் கையிலிருந்து பிடுங்கியது. நாங்கள் அதை வளையம் என்று சொல்வதை விட்டுவிட்டு மூச்சு என்றே சொல்ல ஆரம்பித்தோம். "மூச்சு எப்பிடி இருக்கு?" என்று கேட்டால் அது பூவலிங்கத்தைக் கேட்டதா வளையத்தைக் கேட்டதா என்று பிரிக்க முடியாது.

இருளாயியின் பயம் இதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம் மாறியது. இப்போது அவள் பல்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு வளையத்தை அளக்க ஆரம்பித்தாள். விடிந்ததும் போய்த் தரைக்கும் வளையத்துக்கும் நடுவில் கையை விரித்துப் பார்ப்பாள். ஒரு சாண் இருந்தது முக்கால் சாணாக ஆனது, முக்கால் சாண் அரைச்சாணாக ஆனது. நாங்கள் அவளுக்குக் கை நீண்டுவிட்டதென்று கேலி பண்ணினோம்.

அந்த வாரம் தங்கமாரி சொல்லி, மதுரைக் கல்லூரியிலிருந்து ஜெசிந்தா என்ற பேராசிரியை வந்தார். வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், பிறகு இருளாயியைக் கூப்பிட்டுத் தன் எதிரில் மூன்று வரிசை விறகு அடுக்கச் சொல்லி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாகைமானியை வைத்து அளந்தார்.

"ஒரு டிகிரி. ஒரு டிகிரிக்கு மேல ஒரு துளி" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கார்பனை அணு கனத்துக்குத் தாளா உரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு இந்தச் சாய்வுல வைக்கத்தாம்மா பெரிய பெரிய லேப்ல வருஷக்கணக்கா பாடுபடுறாங்க. இந்தச் சாய்வுல வச்சா கரண்டை எதுவும் மறிக்காது. உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"எனக்கு எப்பவும் கை அப்பிடித்தான் போகும்" என்றாள் இருளாயி. "இது ஏன் டீச்சர் எறங்குது?"

பேராசிரியை சுற்றிலும் இருந்த குடங்களைப் பார்த்தார், மோர்ப்பானையைப் பார்த்தார், கோட்டையம்மாவின் காலைப் பார்த்தார். உள்ளே சுற்றுகிற கரண்டு தானாகக் குறையாது, ஆனால் குளிர் குறையும், குளிர் குறையக் குறைய வளையம் இறங்கும் என்றார். ஒவ்வொரு குடமும் தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் குளிர்ந்திருக்கிறது, ஒவ்வொரு காய்ச்சலும் அதற்குள்தான் இறங்கியிருக்கிறது. வளையம் தரையைத் தொடுகிற அளவுக்குச் சூடேறினால் இத்தனை நாள் ஊர் கொடுத்தது மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வந்துவிடும், அப்போது பக்கத்தில் இருக்கிற வீடும் இருக்காது, ஆட்களும் இருக்க மாட்டார்கள் என்றார். ஆட்களோடும் குளிர்பெட்டியோடும் திரும்பி வர மூன்று வாரம் ஆகும், அதுவரை எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடங்களை எடுத்தோம். எடுத்தோம் என்றுதான் சொல்லிக்கொண்டோம். ஜில் தண்ணீருக்குப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா, கத்திரி வெயில் வேறு தொடங்கிவிட்டது, விடியற்காலையில் முந்தானைக்குள் செம்பை மறைத்துக்கொண்டு போய்வந்தவர்கள் உண்டு. கோட்டையம்மா போனாள், இதை எழுதுகிற நானும் ஒருநாள் போனேன். வளையம் நாலு விரலுக்கு வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சூறைக்காற்று வந்தது. மழை நாலு துளி, மீதியெல்லாம் காற்று. ஒன்பது கம்பம் சாய்ந்தது, மெயின்ரோட்டிலிருந்து ஊருக்கு வரும் பாதையில் கணக்கில்லாத மரம் விழுந்தது. கரண்டு வர மூன்று நாளாவது ஆகும் என்று தங்கமாரி கையை விரித்துவிட்டான். பூவலிங்கத்தின் பெட்டி வளையத்திலிருந்து எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை, முந்தின நாள் காற்றுக்கும் சேர்த்து வைத்து வெயில் காய்ந்தது, இருளாயி கையை விட்டுப் பார்த்தாள், இரண்டு விரல்தான் போனது.

"மூடிருவோம்" என்றாள். "வெயில் படாம மூடிருவோம்."

மூடுவதற்கு எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மண் தானாக நிற்காது, உள்ளே விறகு அடுக்கினால்தான் நிற்கும். ஆகவே வளையத்தைச் சுற்றிப் பச்சை விறகு அடுக்கினோம், வைக்கோல் போட்டோம், தழை போட்டோம், ஊரே குனிந்து மண் குழைத்தது, முப்பது கை ஒரே நேரத்தில் பூசியது, அவசரத்தில் யாரும் யாருடனும் பேசவில்லை. நல்ல மூட்டம், குறை சொல்ல முடியாத மூட்டம். இருளாயி மேலே ஏறிக் கடைசி வரிசையை ஒரு நூல் திருப்பி வைத்தாள், கையை நீட்டினாள், கீழே நின்றவள் வழக்கம்போல் பக்கத்து மூட்டத்திலிருந்து ஒரு கங்கை இடுக்கியில் எடுத்துக் கொடுத்தாள், இருளாயி அதை வாங்கி வாய்க்குள் போட்டாள், ஈரமண்ணால் அடைத்தாள், இறங்கினாள். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பூவலிங்கத்தின் வயர் மூட்டத்துக்குள் நுழைந்த இடத்தில் மெல்லிசாக வெள்ளைப் புகை வந்தபோதுதான் தோன்றியது.

இருளாயி புகையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். "கை தானாப் போயிருச்சே" என்றாள், "கை போயிருச்சே, கை போயிருச்சே" என்று அந்தக் கையைத் தரையில் அடித்தாள், இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கங்கு பிடித்த மூட்டத்தைப் பாதியில் பிரித்தால் காற்றுப் புகுந்து மொத்தமும் ஒரேயடியாகப் பற்றும், தண்ணீர் ஊற்றினால் மண் வெடித்து அந்த வெடிப்பில் காற்றுப் புகும், விட்டுவிட்டால் நெருப்பு நடந்து நடந்து நடுவுக்குப் போய் வளையத்தைத் தொடும். எங்களில் யாருக்கும் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லாரும் பூவலிங்கத்திடம் ஓடினோம்.

அவர் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கிப் பேசினார்.

"வெள்ளைப் பொகைதான்... இன்னும் ஈரம் காயுது. நடுவுக்குப் போக... உச்சிப்பொழுது ஆயிரும். டீச்சர் என்ன சொன்னாக? உள்ள இருக்கிறதுதான வெடிக்கும்?"

"ஆமா மச்சான்" என்றான் தங்கமாரி.

"அப்ப உள்ள ஒண்ணும் இருக்கக்கூடாது. எடுத்துருங்க. கொடுத்த வயர்லயே... ஊரே எடுத்துருங்க."

எடுத்தால் அவர் பெட்டிக்கும் ஒன்றும் மிஞ்சாது. பெட்டி டப்பென்று தட்டிப் புஸ்ஸென்று விட்டது. இருளாயி அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவர் அவளையே பார்த்தார், அவள் தலையை ஆட்டி ஆட்டி முடியாது என்றாள், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் எழுந்தாள். பாதையில் விழுந்த மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளச் சொல்லி ஆண்களைக் கோடாலியோடு அனுப்பினாள், ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போடச் சொன்னாள். தங்கமாரி வீடு வீடாகப் போய் வயரை மாற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகு, கரண்டு போய்விடுமோ என்று ஆறு மாதமாகத் தூங்காத அந்தப் பொம்பளை, வாசல் வாசலாக நின்று கரண்டை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அண்ணே, ஃபேனைப் போடுங்கண்ணே."

"எப்பிடித்தா போடுறது? அது அவரு மூச்சுல்ல."

"யத்தே, டிவியைப் போடுங்கத்தே. லைட்டைப் போடுங்க."

"என் கையி போகாதுடி, ஆத்தா. வேற வீட்டுல கேளு."

முப்பத்தேழு வீட்டிலும் ஒரு கை ஸ்விட்சுக்குப் போகவில்லை. திருட்டுத்தனமாகச் செம்பு கொண்டுபோன கைகள்தான், இப்போது பார்த்துப் பார்த்து ஒதுங்கின. கோட்டையம்மா கிரைண்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எந் தம்பி மூச்சை எடுத்து நான் மாவாட்டவா? போடி அங்கிட்டு!"

"மதினி, வெடிச்சா அவுகளும்தான் மதினி போவாக. ஊரும் போயிரும்."

"போகட்டும். எல்லாரும் போவோம்."

மூட்டத்தில் புகை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது, ஈரம் காய்ந்து நெருப்பு விறகைப் பிடித்துவிட்டது. இருளாயி அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது பூவலிங்கம் வந்தார். மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குப் பதினோரு எட்டு நடந்து வந்திருந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மூச்சு வருகிற வரைக்கும் காத்திருந்தார்.

"அக்கா... அரிசி ஊறப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்" என்றாள் கோட்டையம்மா.

"அப்ப ஆட்டு."

அவர் கையை நீட்டி ஸ்விட்சைத் தட்டினார். கல் சுற்றியது. கோட்டையம்மா ஊறிய அரிசியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே ஒப்பாரி வைப்பதுபோல் அழுதாள், கிரைண்டர் சத்தமும் அவள் சத்தமும் தெருவுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு வீடாக இறங்கியது. ஃபேன் சுற்றியது, மிக்சி ஓடியது, படம் வராத டிவிகள் இரைந்தன, கோயில் சீரியல் பல்பு பட்டப்பகலில் ஓடி ஓடி எரிந்தது, குழாய் ஸ்பீக்கர் பாட்டு இல்லாமல் உறுமியது, துவைக்காத சட்டையை எடுத்து இஸ்திரி போட்டவர்கள் உண்டு, தேய்த்த சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்தோம். பூவலிங்கத்தைத் தூக்கிப் போய்க் கட்டிலில் சாய்த்துக் குழாயை மாட்டினார்கள். ஒரு பக்கம் ஊர் எடுத்தது, ஒரு பக்கம் அவர் எடுத்தார். தூரத்தில் கோடாலிகள் விழுந்துகொண்டே இருந்தன, இருளாயி ஒவ்வொரு வெட்டையும் எண்ணுகிறவள்போல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கோட்டையம்மாவின் கல் மெதுவானது. ஃபேன்களின் இறக்கைகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. சீரியல் பல்பு ஓட்டத்தை நிறுத்தியது. கடைசியில் வெள்ளைப் பெட்டி டப்பென்று தட்டியது, புஸ்ஸென்று விடவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து கண்ணாடி வளையல் ஒன்று உடைந்த அளவுக்கு ஒரு சத்தம் கேட்டது, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இருளாயி அவரை நிமிர்த்தித் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, தான் மூச்சு விட்டால் அவரும் விடுவார் என்பதுபோல் பெரிது பெரிதாக மூச்சு விட்டாள். ஒரு உலைக் கஞ்சி கொதிக்கிற நேரம் அப்படி இருந்தது. ஆஸ்பத்திரி வண்டி கடைசி இரண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, வெட்டப் போனவர்கள் கோடாலியைப் போட்டுவிட்டு ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள், அவர் பிழைத்தார்.

பதினோராம் நாள் பிரித்தபோது அனல் அடித்தது, எங்களுக்கு அழுகை வந்தது. உள்ளே எல்லாம் சாதாரணக் கரி, நடுவில் ஒரு வட்டமாகத் தூள். பேராசிரியை குளிர்பெட்டியோடு வந்து அதில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகு ஊரில் எல்லாருமே ஒரு நூல் திருப்பித்தான் அடுக்குகிறோம், ஒவ்வொரு மூட்டத்தைப் பிரிக்கும்போதும் சுற்றி நின்று கையை நீட்டிப் பார்க்கிறோம், யாராவது ஒருவர் "சுடுது" என்று சொன்னதும் கலைந்துபோகிறோம். இருளாயி கங்கு போடுவதை நிறுத்திவிட்டாள். அவள் அடுக்க, கோட்டையம்மா தன் மூட்டுவலிக் காலோடு ஏறிப் போடுகிறாள், மூட்டம் ஒன்றும் உள்வாங்கவில்லை.

பூவலிங்கம் பதினோரு மாதம் இருந்தார். பங்குனியில் ஒரு முற்பகல், காற்று இல்லை, மழை இல்லை, கம்பம் எதுவும் சாயவில்லை, வாசல் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மூட்டக்காட்டிலிருந்து அதைப் பார்த்துவிட்டு இருளாயி அன்றைக்கு நிம்மதியாக மண் குழைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ சிரித்துப் பேசிக்கூட இருந்தாள், அப்போது கோட்டையம்மா வந்து அவள் கையைப் பிடித்தாள்.

இருளாயி வீட்டுக்குள் வந்து நின்றாள். "கரண்டு இருந்துச்சே, மதினி" என்றாள். "கரண்டு இருந்துச்சே."

வெள்ளைப் பெட்டி டப்பென்று தட்டிப் புஸ்ஸென்று விட்டுக்கொண்டிருந்தது. ஊரே உள்ளேயும் வெளியேயும் நின்றது, அதை நிறுத்த ஒரு கையும் போகவில்லை. வெகுநேரம் கழித்து அவளே எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து பல்பையும் அணைத்தாள்.